மஞ்சள் தூக்கல்

ஜூன் 3, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடக்கிறது. வீட்டுக்காரரிடம் எதைச் சொன்னாலும் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். இனிமேல் இதில்தான் எழுதப் போகிறேன்.

லேபுக்குப் புதுப் பெண் வந்திருக்கிறாள். கோகிலவாணி. ஈரோட்டில் வேறொரு பல் லேபில் இருந்தவளாம். உடைந்த முன்பல்லுக்கு மேலே மாட்டுகிற கேப்புக்குப் பீங்கான் மாவைத் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றிச் சூளையில் சுடுகிற வேலை. முன்பல் எல்லாம் இனி அவள் கையில்தான், மற்றவர்களுக்குக் கடைவாய்ப் பல். ஓனர் சென்னியப்பன் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார். ஏசிக் காற்று நேராக விழும் இடத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

எங்கள் லேபில் எந்தப் பல்லும் என் மேசையைத் தாண்டாமல் வெளியே போகாது. டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அதை வைத்து மாடல் வார்த்து, அதன்மேல் கேப் செய்து என்னிடம் கொண்டு வருவார்கள். நான் மாடலில் மாட்டி, ஓரம் தட்டுகிறதா என்று ஊசியால் தடவிப் பார்ப்பேன். நீலக் காகிதத்தை வைத்துக் கடி எங்கே விழுகிறது என்று பார்ப்பேன். கடைசியில் நிறம். ஏ-ஒன் என்றால் வெளுப்பு, ஏ-டூவில் கொஞ்சம் மஞ்சள், ஏ-த்ரீயில் இன்னும் கொஞ்சம். டாக்டர் எதைக் கேட்டிருக்கிறாரோ அது வந்திருக்க வேண்டும். மற்ற லேபுகளில் ஷேடு கைடு என்று மாதிரிப் பற்கள் குத்திய பட்டையைப் பக்கத்தில் வைத்துத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டை வேண்டியதில்லை. பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். இந்த ஊரில் அப்படிச் சொல்ல இன்னொருத்தி இல்லை.

கோகிலவாணியின் முதல் கேப் என் மேசைக்கு வந்தது. ஓரம் சுத்தம், கடி சுத்தம். இருந்தாலும் ஒரு மூலையைத் தேய்த்து வரச் சொன்னேன். முதல் நாளே சரி என்று சொல்லிவிட்டால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.

ஜூன் 7, வெள்ளி

சாப்பிடும்போது அவளாகவே கதையைச் சொன்னாள். புருஷன் குடிகாரன், விட்டுவிட்டு வந்துவிட்டாள். ஆறு வயதுப் பெண் பிள்ளை மட்டும் மாமியார் வீட்டில் இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசியபோது, நிலையான வேலை என்று லெட்டர் கொண்டுவந்து காட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்களாம். ஆவணி பிறந்ததும் வேலையை நிரந்தரம் பண்ணி லெட்டர் தருவதாக ஓனர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

சொல்லும்போது அழவில்லை. மோர்க்குழம்பைச் சிந்தாமல் பிசைந்து சாப்பிட்டாள். எனக்கு அந்த நிதானம் பிடிக்கவில்லை. கஷ்டப்படுகிறவள் கஷ்டப்படுகிறவள் மாதிரி இருக்க வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

ஏ-டூ கேட்ட கேஸுக்கு ஏ-த்ரீ செய்து கொண்டுவந்து வைக்கிறாள். சீட்டில் "மஞ்சள் தூக்கல்" என்று எழுதித் திருப்பினேன். மற்றவர்களானால் எடுத்துக்கொண்டு போவார்கள். இவள் ஷேடு கைடை எடுத்து வந்து, ஏ-டூ பல்லைக் கேப்போடு ஒட்ட வைத்துக் காட்டினாள்.

"ஒண்ணாத்தானுங்க்கா இருக்குது," என்றாள்.

பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. இரண்டும் மஞ்சள். அதாவது கைடே மஞ்சளாகிவிட்டது. எத்தனை வருஷமாக மருந்துத் தண்ணீரில் போட்டுக் கழுவுகிறார்கள், நிறம் ஏறாமல் என்ன செய்யும். அதைத்தான் சொன்னேன். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவள் கேப்பை எடுத்துக்கொண்டு போய் வெளுப்பாக ஒன்று செய்து வந்தாள்.

பழைய கேப்பை என் மேசைக்குக் கீழே இருக்கும் ரிஜக்ட் டப்பாவில் போட்டேன்.

ஜூன் 15, சனி

அந்தக் கைடைக் குப்பையில் போட்டாயிற்று. புதுசு வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

புதுக் கைடு வந்தது. அதுவும் மஞ்சள். இப்போதெல்லாம் எதை நம்பி வாங்குவது, பெட்டி மட்டும் பளபளவென்று இருக்கிறது. என் மேசைக்கு மேலிருக்கும் விளக்கையும் மாற்றச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, நல்லாத்தான் எரியுதுங்க என்று போய்விட்டான்.

சலவைக்காரரிடம் பெரிய சண்டை. வீட்டுக்காரர் வேட்டியெல்லாம் டீயில் நனைத்த மாதிரி வருகிறது. இதுதான் வெள்ளையா என்று அவர் முகத்துக்கு நேரே பிரித்துக் காட்டினேன். அந்த மனுஷன் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூட்டையைக் கட்டினார். திருட்டு முழி.

ஜூலை 2, செவ்வாய்

கோபியிலிருந்து ஒரு கேஸ் திரும்பி வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு முன்பல் நான்கு. வாயில் வைத்துப் பார்த்ததும் டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். பாத்ரூம் டைல்ஸ் மாதிரி வெள்ளை, இதை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனால் பிள்ளைகள் சும்மா விடுமா என்று போனில் கேட்டிருக்கிறார். ஓனர் முகம் செத்துப்போனது. எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

சீட்டில் கோகிலவாணி பெயர். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நான் மொதல்ல ஏ-டூதாங்க பண்ணியிருந்தேன். அக்கா மஞ்சள் தூக்கல்னு சொன்னதுனால வெளுப்பாக்குனனுங்க."

ஓனர் என் பக்கம் திரும்பினார். நான் ஒன்றும் பதறவில்லை. குறைக்கச் சொன்னது உண்மைதான், எவ்வளவு குறைப்பது என்பது செய்கிறவள் கைக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டேன். சாம்பாரில் உப்பு தூக்கல் என்றால் அடுத்த நாள் உப்பே போடாமலா வைப்பார்கள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஓனரும் சிரித்துவிட்டார். அவள் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 9, செவ்வாய்

இன்னும் ஒரு கேஸ் திரும்பியது. அதே குறை.

இதில் இன்னொன்றும் தெரிய வந்தது. கோகிலவாணி தான் செய்த கேப்பைப் போட்டோ எடுத்து நேராக டாக்டருக்கு அனுப்பி, நிறம் சரியா என்று கேட்டிருக்கிறாள். என் மேசையைத் தாண்டி. டாக்டரும், அருமையாக இருக்கிறது, அப்படியே அனுப்புங்கள் என்று பதில் போட்டிருக்கிறார். அந்தக் கேப்பைத்தான் நான் திருப்பியிருந்தேன்.

ஓனரிடம் போய்ச் சொன்னேன். நிறத்தைப் பற்றிச் சொல்லவில்லை, லேபில் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்றுதான் கேட்டேன். அவர் அவளைக் கூப்பிட்டுப் போனைப் பிடுங்கி டிராயரில் வைத்தார். இனிமேல் சாயங்காலம்தான் கையில் கிடைக்கும். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து இவளைக் கூப்பிடுமாம், அந்த நேரம் மட்டும் தரச் சொல்லிக் கேட்டாள். விதி என்றால் எல்லோருக்கும் விதிதான்.

ஜூலை 12, வெள்ளி

காந்திபுரத்தில் ரோட்டைத் தாண்டும்போது பைக்கில் வந்த ஒருத்தன் கிட்டத்தட்ட மேலே ஏற்றிவிட்டான். எல்லோரும் லைட்டைக் கண்ணுக்கு நேராக அடித்துக்கொண்டு வருகிறார்கள், லைட்டைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிந்தால் எப்படி நடப்பது. வீட்டுக்காரர் அதிசயமாக டிவியை நிறுத்திவிட்டு, "ஒருக்கா கண்ணைக் காட்டீட்டு வந்தரலாமா?" என்றார். முதலில் உங்கள் காதைக் காட்டுங்கள் என்றேன். மறுபடி டிவியைப் போட்டுக்கொண்டார்.

ஜூலை 18, வியாழன்

பக்கத்து வீட்டம்மா கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள், துணைக்குப் போனேன். போன இடத்தில் எனக்கும் பார்த்தார்கள். ஒன்றும் பெரிதாக இல்லை.

டாக்டர் சின்னப் பெண். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாகப் பழுத்துப் பழுப்பாகிவிட்டது என்றாள். சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் வந்திருக்கிறதாம். வெள்ளையெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். நீலமும் கறுப்பும் பிரித்துத் தெரிகிறதா என்று கேட்டாள். ஏன் தெரியாமல் என்றேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றாள். வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். நிறம் பார்க்கிற வேலையாக இருந்தால் தள்ளிப் போடக் கூடாது, அதனால் கேட்டேன் என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுதினாள்.

அடுத்த வாரமே ஆபரேஷன் செய்துகொள்ளலாமாம். ஆடியில் கண்ணில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நல்லது எதையும் ஆடியில் செய்வதில்லை. ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் வரும்போது இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கிவிட்டேன். ஏதோ யோசனை.

ஜூலை 19, வெள்ளி

இன்று கோகிலவாணியின் கேப் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாவற்றையும் திருப்பினேன்.

ஜூலை 28, ஞாயிறு

காலையில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். கோகிலவாணி. கையில் ஒரு சீப்பு பூவன் பழம். லேபில் வைத்துப் பேசினால் மரியாதையாக இருக்காது, அதனால் வீட்டுக்கு வந்தேன் என்றாள். மெலிந்துவிட்டாள். கன்னம் ஒட்டிப் பல் எடுப்பாகத் தெரிந்தது.

உட்காரச் சொன்னேன். நான் ஒன்றும் ராட்சசி இல்லை. இட்லி வைத்தேன், சாப்பிடவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. என்னுடையதுதானோ என்று நினைத்துவிட்டேன். வாங்கிப் பார்த்தால் அவள் பெயர். நிறம் சரியாகத் தெரிகிறதா என்று அவள் தன் கண்ணைப் பரிசோதித்து வாங்கி வந்திருக்கிறாள்.

"ரெண்டு கண்ணும் நல்லா இருக்குது, நெறமெல்லாம் சரியாத் தெரியுதுன்னு சொல்லீட்டாங்க்கா. அப்புறம் எங்கிட்ட என்ன கோளாறுன்னே எனக்குத் தெரியலீங்க. ராத்திரியெல்லாம் கண்ணை மூடுனா பல்லு பல்லாத் தெரியுது. நீங்களே சொல்லிக் குடுங்க்கா. எப்படிச் சொல்றீங்களோ அப்படியே திருத்திக்கறேன். ஆவணிக்குள்ள எனக்கு அந்த லெட்டர் வேணுமுங்க்கா, பாப்பா நாளை எண்ணீட்டு இருக்குது."

அப்போது என்னால் சொல்லியிருக்க முடியும். என்னத்தைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வாயைத் திறந்தேன், வேறு வந்தது.

"டாக்டர் பாக்கறது கண்ணு, அம்மிணி. நெறம் பாக்கறதுக்கு அது மட்டும் பத்தாது. உள்ளுக்குள்ள ஒரு ஞானம் வேணும். அது சிலருக்கு வராது. உன்மேல தப்பில்லை."

அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நம்பிவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

திரும்பினால் வீட்டுக்காரர் டிவியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "அந்தப் புள்ளைக்குப் புள்ளை இருக்குதுன்னு சொன்னீல்ல?" என்றார். அதற்கு என்ன இப்போது என்றேன். பழத்தை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். அவர் தொடவில்லை. எறும்பு மொய்த்துவிட்டது, குப்பையில் போட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

அவள் வேலையைப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கிறது. ஒவ்வொரு கேப்புக்கும் என்னிடம் எழுந்து வந்து, இது போதுமாங்க்கா, இன்னுங் கொஞ்சம் வெளுக்கணுமாங்க்கா என்று கேட்கிறாள். கைடைத் தொடுவதே இல்லை. தன் கண்ணையே நம்பாமல் என் முகத்தைப் பார்த்து வேலை செய்கிறாள். ஏற்றிய மாவை வழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறாள். இப்போது ஓரமும் தட்டுகிறது, அதுவும் உண்மையாகவே. ஊசி மாட்டி நிற்கிறது, அதற்குக் கண்ணே வேண்டாம், கையே சொல்லிவிடும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஓனர் என்னைத் தனியே அறைக்குள் கூப்பிட்டார். இந்த மாதம் மட்டும் அவள் கேஸ் எத்தனை திரும்பியிருக்கிறது என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறார்களாம். அந்த கோபி டீச்சர் கேஸ் இன்னும் முடியவில்லை, அந்தம்மா லீவு போட்டுவிட்டுத் தற்காலிகப் பல்லோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அவருக்குக் கோகிலவாணியை அனுப்ப மனசில்லை, பிள்ளை விஷயம் தெரியும். அதனால் என்னிடம் கேட்டார்.

"நீங்க சொல்லுங். வெச்சுக்கலாமா, வேண்டாமா?"

கை நல்ல கை, நிறம்தான் பிடிபடவில்லை, இவ்வளவு நாள் சொல்லிக் கொடுத்தும் ஏறவில்லை என்றேன். மாடல் வார்க்கிற பக்கம் போடலாமா என்று கேட்டார். ஒரு நிமிஷம் யோசித்தேன். அங்கே இருந்தால் தினமும் என் மேசையைக் கடந்துதான் போய் வர வேண்டும். நான் ஆபரேஷன் முடிந்து வரும்போதும் அவள் அங்கேயே இருப்பாள். ஏற்றி வைத்துவிட்டுக் கீழே இறக்கினால் அவளுக்குத்தான் அவமானம், பாவம் என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். உங்களுக்கு இருக்கிற மனசு யாருக்கு வரும் என்றார்.

ஆகஸ்ட் 14, புதன்

கோகிலவாணியை அனுப்பிவிட்டார்கள். தூரிகைகளைக் கழுவித் துடைத்து, துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டாள். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். என்னிடம் வந்து, உங்களைச் சிரமப்படுத்திவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றாள்.

மத்தியானம் தயிர் சாதம். ஊறுகாய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 28, புதன்

வலது கண் ஆயிற்று. கட்டுப் போட்டிருக்கிறது. இதை எழுதுகிற வரி எங்கே போகிறதோ தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள்.

எவ்வளவு வெள்ளை. நர்ஸ் சட்டை, சுவர், படுக்கை விரிப்பு எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி. ஜன்னல் திரை கறுப்பு என்று நினைத்திருந்தேன், நீலம். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று அதட்டினார்கள். உலகத்தை யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள். சந்தோஷம் தாங்க முடியவில்லை.

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். அவர் வேட்டி வெள்ளைவெளேரென்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஓனர் பயந்துவிட்டார். சின்னதாக ஒரு சதை வளர்ச்சி, எடுத்துவிட்டார்கள், பார்வைக்குக் கோளாறு எப்போதும் இருந்ததில்லை என்றேன். இடது கண்ணை மார்கழிக்கு முன்னால் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கும் இதையே சொல்லலாம்.

எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் ரிஜக்ட் டப்பாவை மேசைமேல் கவிழ்த்தேன். கோகிலவாணியின் கேப்புகள்தான் அதிகம், ஒவ்வொன்றோடும் என் கையெழுத்தில் சீட்டு. புதுக் கைடிலிருந்து ஏ-டூ பல்லைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். இடது கண்ணால் பார்த்தேன், மஞ்சள். இடதை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். எது கைடு, எது கேப் என்று சொல்ல முடியாது. நுனியில் மட்டும் லேசாக ஒரு நீலப் பூச்சு கொடுத்திருக்கிறாள், உயிருள்ள பல்லில் வெளிச்சம் ஊடுருவினால் தெரியுமே அதே மாதிரி. அந்த நீலத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நானே பீங்கான் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில்கூட இப்படி ஒரு முன்பல் செய்ததில்லை.

கோபி டீச்சர் கேஸ் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. அவள் முதலில் செய்த நான்கும் டப்பாவில் இருந்தன. மாடலில் மாட்டிப் பார்த்தேன், ஓரம் நூல் பிசகவில்லை. ஆவியில் கழுவித் துடைத்து, சீட்டை மாற்றி, பேக் செய்து அனுப்பிவிட்டேன்.

மற்றதையெல்லாம் சுத்தியலால் உடைத்து மாவுக் கழிவோடு கொட்டச் சொன்னேன். டப்பா ரொம்ப நாளாக நிறைந்து கிடக்கிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

கோபி டாக்டர் போன் செய்து பாராட்டினாராம். கண்ணாடியைப் பார்த்ததும் அந்த டீச்சர் அழுதேவிட்டாளாம், தன் பழைய பல்லே திரும்பி வந்த மாதிரி இருக்கிறது என்று. யார் செய்தது என்று ஓனர் கேட்டார். ஏற்கெனவே இருந்ததை நான்தான் கொஞ்சம் சரி செய்தேன் என்றேன். எல்லோரையும் கூப்பிட்டுக் கை தட்ட வைத்தார். வெட்கமாக இருந்தாலும் நன்றாகவும் இருந்தது.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலையில் சேலத்திலிருந்து எனக்கு ஒரு போன். அங்கே லேப் வைத்திருப்பவராம், குரலில் மரியாதை தெரிந்தது. கோகிலவாணி என்று ஒரு பெண் வேலை கேட்டு வந்திருக்கிறாள், கைவேலை பிடித்திருக்கிறது, ஆனால் பழைய இடத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். ஓனரைக் கேளுங்கள் என்றேன்.

"இல்லீங்க, அந்தப் பொண்ணுதான் உங்க நம்பரைக் குடுத்துச்சு. அக்காகிட்டக் கேளுங்க, அவங்க எனக்கு எவ்வளவோ சொல்லிக் குடுத்தாங்க, உள்ளது உள்ளபடி சொல்லுவாங்கன்னு சொல்லுச்சுங்க. வேலை கெடைச்சா இந்த மாசமே புள்ளையக் கூட்டீட்டு வந்தரலாமாம். அதான் கேக்கறேன். ஷேடு எப்படிங் பண்ணும்?"

மேசையில் வெயில் விழுந்திருந்தது. எதிரே இருந்த மாடலில் ஒவ்வொரு பல்லும் தெளிவாகத் தெரிந்தது, இப்போதெல்லாம் கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. நல்லா வரும் என்று சொன்னால் பிறகு ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்பார். லேப் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருத்தருக்கொருத்தர் பழக்கம், சங்கக் கூட்டத்தில் சென்னியப்பனைப் பார்த்தால் அதையும் சொல்வார். இதெல்லாம் எனக்குத் தேவையா.

"கை சுத்தமான கைங்க," என்றேன். "நல்ல குணம். ஷேடு மட்டும் பிடிபடாதுங்க."

அவர், "அப்ப வேண்டாமுங்க," என்றார். நல்ல வேளை உங்களைக் கேட்டேன் என்று நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

நான் வேண்டாம் என்று எங்கேயும் சொல்லவில்லை. அவராகத்தான் சொன்னார்.